பழைய ஹெல்மெட்டுக்கு புது பெயின்ட் அடிக்கலாமா? உயிருக்கும் விலைக்கும் என்ன ஆகும்? - முழு விளக்கம்

காலை 7 மணி வாக்கில் சாத்தூர் - வெம்பக்கோட்டை - சிவகாசி சாலைகளில் நின்று பாருங்கள். அச்சங்குளம் போன்ற ஊர்களில் இருந்து பட்டாசு ஆலைக்கு, தீப்பெட்டி ஆலைக்கு, அச்சகத்துக்கு என்று வேலைக்குப் போகிற பைக்குகள் வரிசையாகப் போகும். நிறைய பேர் தலையில் ஹெல்மெட் இருக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் அதில் எத்தனை ஹெல்மெட் அந்தத் தலைக்காக வாங்கியது?

அண்ணன் போட்டுவிட்டுக் கொடுத்தது, செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கும்போது கூடவே வந்தது, கீறல் விழுந்ததால் பெயின்ட் அடித்து ஸ்டிக்கர் ஒட்டி 'புதுசு' ஆக்கியது என பலவகை உண்டு. சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடுகிறது. பார்க்கவும் பளபளவென்று இருக்கிறது. பிறகு என்ன பிரச்சினை?

பிரச்சினை உள்ளே இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக:

- பைக் ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கு ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது.
- பெயின்ட், தின்னர், பெட்ரோல் மூன்றுமே ஹெல்மெட்டின் ஓட்டையும் உள் அடுக்கையும் கெடுக்கக்கூடியவை.
- அமெரிக்கன் ஃபுட்பால் ஹெல்மெட்டை முறையாகப் புதுப்பித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். அதன் வடிவமைப்பே வேறு.
- சேகரிப்பாளர்கள் சந்தையில் புதுப்பித்த பொருளுக்கு பொதுவாக மதிப்பு குறைவு.

ஹெல்மெட் எப்படி உயிரைக் காப்பாற்றுகிறது?

ஹெல்மெட்டில் முக்கியமான பாகங்கள் நான்கு. முதலில் வெளி ஓடு. ஏபிஎஸ் பிளாஸ்டிக், ஃபைபர் கிளாஸ் போன்றவற்றில் செய்திருப்பார்கள். அதற்குள் கெட்டியான தெர்மாகோல் அடுக்கு. இபிஎஸ் என்பார்கள். டிவி, மிக்ஸி பெட்டிக்குள் வருகிற அதே குடும்பத்துப் பொருள்தான், ஆனால் அடர்த்தி அதிகம். அதற்குள் தலைக்கு மெத்தென்று இருக்கும் துணி பேடிங். கடைசியாகத் தாடை வார்.

'ஓடு எவ்வளவு கெட்டியோ அவ்வளவு பாதுகாப்பு' என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் தலையைக் காப்பாற்றும் பெரிய வேலையைச் செய்வது தெர்மாகோல். அது நசுங்குவதன் மூலமாகத்தான் காப்பாற்றுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. பைக் ஓடவே வேண்டாம். ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்து தலை தரையில் மோதினாலே, மோதும் நேரத்தில் அதன் வேகம் மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர். வெறும் தலை என்றால் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் அந்த வேகம் பூஜ்ஜியம் ஆகியாக வேண்டும். தெர்மாகோல் 25 மில்லிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால், நிற்பதற்கான தூரம் பத்து மடங்கு ஆகிறது. மூளை மீது வருகிற விசை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அவ்வளவுதான் சூத்திரம்.

ஏற்கெனவே நசுங்கிய தெர்மாகோல் மறுபடி நசுங்காது. அந்த இடத்தில் அடுத்த முறை அடி பட்டால், நிற்பதற்கு வேண்டிய தூரம் அங்கே இருக்காது. ஒரு தெர்மாகோல் துண்டைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழும், மேலே எழும்பி வராது. வெளி ஓடோ அடி வாங்கியதும் கொஞ்சம் வளைந்துவிட்டுப் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். அதனால் வெளியே சின்னக் கீறல், உள்ளே பெரிய பள்ளம் என்கிற நிலை வரலாம்.

பெயின்ட் அடித்தால் என்ன ஆகும்?

இரண்டு பாதிப்பு.

முதலாவது வேதியியல் பாதிப்பு. ஏபிஎஸ், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக் ஓடுகள் தின்னர், பெட்ரோல், சில வகை பெயின்ட், ஸ்டிக்கர் பசை பட்டால் பலவீனம் ஆகலாம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய விரிசல் விழும். தெர்மாகோல் நிலைமை இன்னும் மோசம். அதை பெட்ரோலில் போட்டால் கரைந்து கொழகொழவென்று ஆகிவிடும் என்பது பள்ளிக்கூடத்தில் விளையாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கும்போது பேடிங்கைக் கழற்றி, உட்புறத்தை மூடாமல் விட்டால் அந்தக் கரைப்பான் நேராகத் தெர்மாகோலில் படும்.

அமெரிக்காவில் விற்கும் பைக் ஹெல்மெட்டில் ஒட்ட வேண்டிய எச்சரிக்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது. சாதாரணமாக நாம் புழங்கும் சில பொருள்கள் வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் ஓட்டைக் கெடுத்துவிடும், ஹெல்மெட்டில் மாற்றம் எதுவும் செய்யக்கூடாது, பலமான அடி பட்டால் தயாரிப்பாளரிடம் சோதனைக்குக் கொடுங்கள் அல்லது அழித்துவிட்டு வேறு வாங்குங்கள் என்பதுதான் அதன் சாரம்.

இரண்டாவது பாதிப்பு, தடயம் அழிவது. ஒரு ஹெல்மெட் அடி வாங்கியதா இல்லையா என்று சொல்வதற்கு நமக்கு இருக்கும் ஒரே சாட்சி அதன் மேல் இருக்கும் கீறலும் தேய்மானமும்தான். பட்டி போட்டு, தேய்த்து, பெயின்ட் அடித்தால் அந்த சாட்சி காணாமல் போகிறது. விபத்தில் சிக்கிய ஹெல்மெட்டும் வீட்டில் சும்மா தொங்கிய ஹெல்மெட்டும் ஒரே மாதிரி ஆகிவிடும். வாங்குபவருக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

வெயிலுக்கும் பங்கு உண்டா?

உண்டு. விருதுநகர் மாவட்ட வெயிலைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் ஆலை வாசலில் பைக்கை நிறுத்தி, கண்ணாடியில் ஹெல்மெட்டை மாட்டினால் மாலை வரை அது வெயிலில்தான் காயும். புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கை மெதுவாக நொறுங்கும் தன்மைக்குக் கொண்டு போகும். வியர்வை, தலை எண்ணெய், தூசி எல்லாம் சேர்ந்து உள்பேடிங்கைத் தளர்த்தும். ஹெல்மெட் 'லூஸ்' ஆனால், விபத்தில் தலையை விட்டுக் கழன்று போகிற ஆபத்து கூடுகிறது. பெட்ரோல் டேங்க் மூடிக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டை வைக்கிற பழக்கமும் நல்லதல்ல.

இதனால்தான் 5 ஆண்டுக்கு ஒருமுறை ஹெல்மெட்டை மாற்றச் சொல்கிறது அமெரிக்காவின் ஸ்னெல் அமைப்பு. 1956-ல் கார் பந்தய விபத்தில் இறந்த பீட் ஸ்னெல் என்ற வீரரின் நினைவாக 1957-ல் தொடங்கிய, ஹெல்மெட் பாதுகாப்புக்கென்றே இயங்கும் அமைப்பு அது. விபத்தில் அடி பட்டிருந்தால் 5 ஆண்டு கணக்கெல்லாம் இல்லை, உடனே மாற்ற வேண்டும்.

கைதவறி கீழே விழுந்தால் தூக்கிப் போடணுமா?

அவசியம் இல்லை. பைக் சீட்டில் இருந்து காலி ஹெல்மெட் ஒருமுறை உருண்டு விழுந்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. உள்ளே தலை இல்லாததால் தெர்மாகோலை உள்ளிருந்து அழுத்த ஏதும் இல்லை. தலையோடு சேர்ந்து மோதும்போதுதான் அது நசுங்கும். ஆனால் அடிக்கடி கீழே போட்டு விளையாடினாலோ, உயரத்தில் இருந்து விழுந்தாலோ, விழுந்த இடத்தில் விரிசல் தெரிந்தாலோ யோசிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

அப்போ அமெரிக்காவில் மட்டும் பழைய ஹெல்மெட்டைப் புதுப்பிக்கிறார்களே?

நல்ல கேள்வி. அமெரிக்கன் ஃபுட்பாலில் பள்ளி, கல்லூரி அணிகள் சீசன் முடிந்ததும் ஹெல்மெட்டுகளை மொத்தமாகப் புதுப்பிக்க அனுப்புவது வழக்கம். நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அல்ல இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் முட்டி மோதும் ஆட்டம்.

அங்கே புதுப்பிப்பதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஹெல்மெட்டை முழுசாகக் கழற்றி, கழுவி, கிருமி நீக்கி, ஓட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். விரிசல் இருந்தால் கழித்துவிடுவார்கள். பேடிங், முகக்கம்பி, திருகு, வார் ஆகியவற்றில் தேய்ந்ததை மாற்றுவார்கள். பிறகு தேய்த்து பெயின்ட் அடிப்பார்கள். அந்தத் தொகுதியில் இருந்து மாதிரி எடுத்து, உயரத்தில் இருந்து மோதவிட்டு சோதிப்பார்கள். பாஸ் ஆனால் உள்ளே மறுசான்று ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்.

இதற்கான விதிகளை வகுப்பது நாக்சே என்ற அமைப்பு. 1960-களின் கடைசியில் அந்த விளையாட்டில் இளைஞர்கள் அடுத்தடுத்து இறந்ததைத் தொடர்ந்து 1969-ல் உருவானது. 1973-ல் ஹெல்மெட்டுக்கான முதல் தரநிலையை வெளியிட்டது. புதுப்பிக்கும் நிறுவனங்களின் சங்கம் இன்னொரு எல்லையும் வைத்தது. 10 ஆண்டுக்கு மேல் பழைய ஹெல்மெட் எதையும் புதுப்பிக்கவோ மறுசான்று தரவோ மாட்டோம் என்று 2011-ல் முடிவு எடுத்தார்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான வித்தியாசம் உள் அடுக்கில் இருக்கிறது. ஃபுட்பால் வீரர் ஒரே ஆட்டத்தில் பலமுறை மோதுவார். அதனால் அந்த ஹெல்மெட்டின் பேடிங், நசுங்கிவிட்டு மறுபடி எழும்பும் வகை. பைக் ஹெல்மெட்டோ ஒரே ஒரு பெரிய அடிக்காகச் செய்தது. ஒருமுறை வெடித்த பட்டாசு மாதிரி, அதன் வேலை ஒரு தடவைதான். 'அங்கே செய்கிறார்களே' என்று இங்கே செய்ய முடியாததற்குக் காரணம் இதுதான்.

அங்கேயும் பயம் இல்லாமல் இல்லை. என்எஃப்எல் தொழில்முறை லீக்கில் 2013 முதல் ஒரு வீரர் சீசன் முழுவதும் ஒரே ஓட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற விதி இருந்தது. பழைய சீருடை அணியும் சிறப்பு ஆட்டங்களுக்காக, தலைக்குப் பழகாத வேறு ஹெல்மெட்டுக்கு மாறுவது ஆபத்தோ என்ற எச்சரிக்கை அதற்குக் காரணம். 2022 சீசனில்தான் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள்.

நம்ம ஊர் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் பைக் ஹெல்மெட்டுக்கான தரநிலை ஐஎஸ் 4151. 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பைக் ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை என்பது தொழிற்சாலையில் இருந்து வெளியே வரும்போது அந்த ஹெல்மெட் எப்படி இருந்ததோ அதற்கான உத்தரவாதம். பட்டி போட்டு பெயின்ட் அடித்த பிறகும் முத்திரை ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். உத்தரவாதம் இருக்காது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, ஓட்டுபவர் மட்டுமல்ல, பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் ஹெல்மெட் இல்லையென்றால் அபராதம் 1,000 ரூபாய். ஐஎஸ்ஐ தரமுள்ள ஒரு சாதாரண புது ஹெல்மெட்டின் விலையும் ஏறக்குறைய அதே அளவுதான்.

இன்னொரு தகவல், பலருக்குத் தெரியாதது. புது பைக் வாங்கும்போதே தரமான ஹெல்மெட் கொடுக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 சொல்கிறது. ஷோரூமில் கேட்டு வாங்குங்கள்.

2015 ஜூலை 1 ஞாபகம் இருக்கிறதா? சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் ஹெல்மெட் கட்டாயம் என்றதும் கடைகளில் ஸ்டாக் தீர்ந்தது, விலை ஏறியது, சாலையோரம் எங்கே பார்த்தாலும் ஹெல்மெட் விற்பனை. போலீஸுக்காக ஒரு மூடி என்கிற எண்ணம் அப்போது வேர்விட்டது. அந்த எண்ணம் இருக்கிற வரை பெயின்ட் அடித்த ஹெல்மெட்டுக்கும் கிராக்கி இருக்கும்.

எவ்வளவு உயிர்கள் போகின்றன?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் ஏறக்குறைய 44 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இறந்தவர்களில் ஹெல்மெட் அணியாதவர்கள் 50,029 பேர். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதல் இடம் தமிழ்நாட்டுக்கு, 64,105 விபத்துகள்.

ஹெல்மெட் அணிந்தால் இறப்பு ஆபத்து சுமார் 42 சதவீதமும், தலைக்காய ஆபத்து சுமார் 69 சதவீதமும் குறைகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் கிடைத்த முடிவு. அந்தப் பலன் முழுசாகக் கிடைக்க ஹெல்மெட் நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

அச்சங்குளம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது 2021 பிப்ரவரி 12. அன்று நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்த ஊருக்குப் பாதுகாப்பு பற்றி வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆலைக்குள் இருக்கும் ஆபத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, ஆலைக்குப் போய்வரும் சாலையின் ஆபத்தை நாம் பேசுவதில்லை என்பதும் உண்மை.

சரி, 'கலெக்‌ஷன்' மதிப்பு என்ன ஆகும்?

அமெரிக்காவில் வீரர்கள் ஆட்டத்தில் போட்ட ஹெல்மெட்டுகளுக்குத் தனிச் சந்தையே உண்டு. அங்கே கீறல்தான் சொத்து. எதிரணி வீரரின் ஹெல்மெட்டில் இருந்து ஒட்டிய பெயின்ட் தடம், முகக்கம்பியில் இருக்கும் வெட்டு இவற்றை அன்றைய ஆட்டத்தின் புகைப்படத்தோடு ஒப்பிட்டு, 'இதே ஹெல்மெட்தான்' என்று உறுதி செய்கிறார்கள். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அந்த ஆதாரம் போச்சு. மிச்சம் இருப்பது ஒரு பழைய ஹெல்மெட், அவ்வளவுதான்.

நமக்குத் தெரிந்த உதாரணம் வேண்டுமா? 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தோனி ஆடிய பேட், அதே ஆண்டு லண்டனில் நடந்த ஏலத்தில் 1 லட்சம் பவுண்டுக்குப் போனது. அந்த பேட்டில் இருக்கும் பந்துத் தடத்தை யாராவது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்களா?

சிவகாசிக்காரர்களுக்கு இது இன்னும் எளிதில் புரியும். 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய ஊர் இது. பழைய தீப்பெட்டி லேபிள்களைச் சேகரிப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓரம் மங்கிய அசல் லேபிள் வேண்டும். அதையே இன்று ஆப்செட்டில் பளிச்சென்று அடித்துக் கொடுத்தால் அழகாக இருக்கும், ஆனால் சேகரிப்பாளர் தொடமாட்டார். அச்சடிப்பது நமக்குப் பெரிய விஷயமே இல்லை, வயசை அச்சடிக்க முடியாது.

ஆக, பெயின்ட் இரண்டு பக்கமும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. கீறல் என்பது பைக் ஓட்டுபவருக்கு எச்சரிக்கை, சேகரிப்பாளருக்கு அத்தாட்சி. பெயின்ட் இரண்டையும் மூடிவிடுகிறது.

அப்பா ஓட்டிய பழைய ராஜ்தூத், புல்லட் காலத்து ஹெல்மெட் வீட்டில் இருந்தால் அப்படியே வையுங்கள். ஈரத்துணியால் தூசி துடைக்கலாம். நிழலில், காய்ந்த இடத்தில் வைக்கலாம். ஆசைக்குப் புதுப்பித்து அலமாரியில் வைத்தாலும் தப்பில்லை. ஆனால் விற்கும்போது 'புதுப்பித்தது' என்று சொல்லிவிடுங்கள். தலையில் மட்டும் மாட்டாதீர்கள்.

எதையெல்லாம் மாற்றலாம், எதை மாற்றக்கூடாது?

மாற்றலாம்: கண்ணாடி வைசர், கழற்றி மாட்டும் துணி பேடிங். இரண்டும் அதே கம்பெனி, அதே மாடலுக்கு உரியதாக இருக்க வேண்டும். தண்ணீரும் மென்மையான சோப்பும் போட்டுக் கழுவலாம்.

கூடாது: ஓட்டில் விரிசலை ஒட்டுவது, பட்டி போடுவது, பெயின்ட் அடிப்பது, துளை போட்டு கேமரா மாட்டுவது, தெர்மாகோலைச் செதுக்குவது அல்லது வேறு தெர்மாகோல் வைப்பது, அறுந்த வாரை முடிச்சுப் போட்டுக்கொள்வது.

உங்க ஹெல்மெட்டை இப்போதே சோதிப்பது எப்படி?

1. உள்ளே தயாரித்த மாதம், ஆண்டு இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 5 ஆண்டு தாண்டியிருந்தால் மாற்றும் நேரம்.

2. துணி பேடிங்கைக் கழற்றித் தெர்மாகோலைப் பாருங்கள். பள்ளம், விரிசல், நிறம் மாறிய இடம், ஓட்டில் இருந்து விலகிய இடம் இருந்தால் கழித்துவிடுங்கள்.

3. வாரை பூட்டி, ஹெல்மெட்டைப் பின்பக்கம் இருந்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை.

4. ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்கும் சிஎம்-எல் உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள். எந்தக் கம்பெனி, உரிமம் செல்லுமா என்று காட்டும்.

5. வழக்கத்துக்கு மாறாகத் தடிமனான பெயின்ட், உள் விளிம்பில் ஸ்ப்ரே தெறிப்பு, ஓட்டின் வயசுக்குப் பொருந்தாத புது ஸ்டிக்கர் தெரிந்தால், அது புதுப்பித்த ஹெல்மெட்டாக இருக்கலாம்.

இந்தச் சோதனை எல்லாவற்றிலும் பாஸ் ஆனாலும், அந்த ஹெல்மெட்டின் முன்கதை தெரியாது என்றால் நம்ப வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத சேதத்தை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது.

பழசை என்ன செய்வது?

யாருக்கும் இனாமாகக் கொடுக்காதீர்கள். நல்ல மனசோடு கொடுப்பதுதான் இன்னொருவருக்கு ஆபத்தாக முடியும். தாடை வாரை கத்தரியால் வெட்டிவிட்டுப் போடுங்கள். வார் இல்லாத ஹெல்மெட்டை யாரும் எடுத்து மாட்ட முடியாது, பெயின்ட் அடித்து விற்கவும் மனசு வராது.

நாளைக் காலை வேலைக்குக் கிளம்பும்போது ஒரு நிமிடம் பேடிங்கைக் கழற்றி உள்ளே பாருங்கள். பின்சீட்டில் உட்காருபவர் ஹெல்மெட்டையும் சேர்த்துத்தான்.